தலைமாட்டில் ஐஸ்கட்டி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்பவர்களும் உள்ளே வந்துவிடுங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. ஒரு மகள் தன் அப்பாவின் தலைமாட்டில் ஐஸ்கட்டி வைத்த கதை. வைத்த நேரம் தப்பிப்போன கதை. நடுவில் உங்களுக்கு எழுந்து போகத் தோன்றும், தெரியும். ஆனால் பாதியில் விட்டுவிட்டுப் போகமாட்டேன், முடிகிற இடம் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன்.

அவள் அப்போது சமையலறையில் நின்று ஐஸ் தட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் தட்டு சடசடத்தது. கட்டிகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் விழும் சத்தம் அந்தச் சின்ன வீட்டில் எல்லா இடத்துக்கும் கேட்டது. கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் தாடை ஒரு முறை இறுகியது.

"எதுக்கு இப்பவே?" என்றான் கடைசியில்.

"சும்மா எடுத்து வைக்கறேன்ணா."

"சும்மாவா. கல்யாண வீட்டு ஜூஸுக்கு உடைக்கிற மாதிரி உடைச்சிட்டிருக்க."

அவள் ஐஸ் தட்டில் மறுபடி தண்ணீர் நிரப்பி, பையின் வாயை முடிச்சிட்டு, இரண்டையும் குளிர்பெட்டியின் மேல் தட்டில் வைத்து மூடினாள். ஏற்கெனவே அங்கே இரண்டு பைகள் இருந்தன.

காலையில் நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவள். அப்பாவின் போர்வையை விலக்கி முழங்காலைத் தொட்டாள், பாதத்தைத் தொட்டாள், மறுபடி போர்த்திவிட்டாள். "கால் சில்லுன்னு ஆயிடுச்சு. இன்னிக்குத் தாண்டாதும்மா. எதுன்னாலும் ஒரு குரல் கொடுங்க, ஓடி வந்துடுவேன்" என்று மட்டும் சொன்னாள்.

பொடிசு என்றுதான் வீட்டில் அந்த மகளுக்குப் பெயர். நாற்பதைத் தாண்டி, வகிட்டில் நரை விழுந்து, மூளை நோய்களை ஆராய்கிற ஒரு கூடத்தில் நாலு பேருக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு வந்த பிறகும், அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அவள் பொடிசுதான். இறந்துபோனவர்களின் மூளையை, அவர்கள் நினைவோடு இருந்தபோது கொடுத்த சம்மதத்தின் பேரில் அந்தக் கூடத்தில் வாங்குவார்கள். ஒரு பாதியை உறையவைப்பார்கள். மறு பாதியை மருந்து நீரில் ஊறவிட்டு, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, எந்தப் புரதம் எந்த இடத்தில் கட்டிபட்டுக் கிடக்கிறது என்று தேடுவார்கள். உயிர் போனதும் உள்ளே இருக்கிற அணுப்பிரமாணமான சங்கதிகள் எல்லாம் சிதையத் தொடங்கிவிடும், வெயிலில் வைத்த பால் மாதிரி. அதனால் அவள் வீட்டாருக்குத் தொலைபேசியில் ஒரு வாக்கியம் சொல்வாள்: "மூச்சு நின்னதும் தலையச் சுத்தி ஐஸ் வச்சிருங்க, வண்டி வந்துடும்." எத்தனையோ வீடுகளுக்குச் சொல்லியிருக்கிறாள். மறுமுனையில் இருப்பவர்கள் "சரிங்க" என்பார்கள். அந்தச் "சரிங்க"வுக்குப் பிறகு அவர்கள் எந்தக் கையால் குளிர்பெட்டியைத் திறந்தார்கள் என்று அவள் யோசித்ததில்லை.

இன்னொரு வாக்கியமும் உண்டு. "பெத்த பிள்ளைங்கள்ல ஒருத்தர் வேண்டாம்னாலும் நாங்க எடுக்க மாட்டோம்." அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி, அங்கே எல்லாருக்கும் பெரியக்கா, அவள் வகுத்த விதி அது. சாகிறவர் சம்மதித்திருந்தாலும், இருக்கிறவர்களின் மனதை உடைத்து எதையும் கொண்டுவரக் கூடாது என்பாள்.

அப்பாவின் மூளையைக் கொடுக்க அண்ணன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று வருடமாக அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். இன்றைக்கு எழுந்து போக இடமில்லை.

அப்பா ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். லாரிக்காரர்கள் நடுவில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். மூன்று வண்டி தள்ளி நிற்பவனிடமும் குரலாலேயே பேசுவார் என்பதால். அந்த ஹாரன்தான் ஒருநாள் முழுச் சரக்கோடு போய், ஊர் எல்லை ரவுண்டானாவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். டீசல் தீரும்வரை சுற்றினார் என்று நண்பர்கள் பிறகு கூட்டிச் சொல்லிச் சிரிப்பார்கள். போலீஸ்காரர் குறுக்கே வந்து நிறுத்தியபோது அப்பா ஜன்னல் வழியே தலையை நீட்டி, "சார், இந்த ரோடு முடியவே மாட்டேங்குது" என்றாராம்.

அப்படித்தான் தொடங்கியது. அப்பாவின் அக்காவுக்கும் அப்படித்தான் தொடங்கியது, அவர்களுடைய தகப்பனாருக்கும். ஆனால் அப்பாவின் ரத்தத்தை எடுத்துத் தேடியபோது, மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த எந்த மரபணுப் பிழையும் அதில் அகப்படவில்லை. தெரியாத ஏதோ ஒன்று. அது உள்ளே, மூளையில்தான் இருக்கிறது. அது குடும்பத்தில் இறங்குகிற வியாதி என்றால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்கும் வராததற்கும் பாதிக்குப் பாதி.

இன்னும் பேச்சு தெளிவாக இருந்த நாளில், "நீ அங்க என்னதாம்மா பண்ற?" என்று அப்பா கேட்டார். அவளும் சொன்னாள். "தார்ப்பாய் மடிக்கற மாதிரின்னு வச்சுக்கங்கப்பா. மூளைக்குள்ள புரதம்னு ஒண்ணு இருக்கு, நீளமா நூலு மாதிரி. அது சரியான மடிப்புல மடிஞ்சாத்தான் வேலை செய்யும். ஒண்ணு தப்பா மடிஞ்சிடுச்சுன்னு வைங்க, பக்கத்துல இருக்கறதும் அதப் பாத்துத் தப்பா மடியும். அப்படியே அடுத்தது, அடுத்தது. கடைசியில எல்லாம் சேந்து கட்டியாகி வழிய அடைச்சிடும்."

அப்பா தலையைச் சொறிந்தார். "அப்ப என் மண்டைக்குள்ள எவனோ கத்துக்குட்டி கிளீனர் ஏறிட்டான்ங்கற."

"ஆமாப்பா."

"அவன் யாருன்னு பாத்துச் சொல்லு. நான் போனதுக்கப்புறம் தொறந்து பாத்துக்க. வண்டி ஓடாதப்ப பார்ட்ஸாவது உதவட்டும்." பிறகு குரலைத் தணித்தார். தணித்தாலும் அது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "உங்க அண்ணன்கிட்டப் பக்குவமாச் சொல்லு. அவன் பயந்தவன்."

இப்போது அந்தக் குரல் இல்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக இறங்கிப்போய், சில மாதங்களாக ஒன்றுமே வரவில்லை. கைகள் மட்டும் ஓயவில்லை. போர்வையின் விளிம்பைப் பிடித்து மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். முனையும் முனையும் ஒருபோதும் சேராது.

அண்ணி சமையலறைக்குள் வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், வார்த்தையையும் மாத்திரை மாதிரி எண்ணித்தான் கொடுப்பாள். குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளரை மறுபடி கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே பேசினாள்.

"உங்க அண்ணன அவசரப்படுத்தாதீங்க."

"நான் ஒண்ணுமே கேக்கலயே அண்ணி."

"ஐஸ் கேக்குது." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அவர் ரூட்டு மாத்திக்கிட்டார், தெரியுமா?"

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஒரே வழித்தடத்தில் வருடக்கணக்காக ஓட்டியவன். அந்தத் தடத்துப் பயணிகளில் யார் எந்த நிறுத்தத்தில் தூங்கிவிடுவார்கள் என்பதுவரை தெரிந்தவன்.

"ஏன்?"

"ரவுண்டானா இல்லாத ரூட்டு வேணும்னு எழுதிக்கொடுத்து வாங்கிக்கிட்டார். எங்கிட்டச் சொல்லல. கூட வேலை பாக்கறவர் மாத்திரை வாங்க வந்தப்ப சொன்னார். மாமாவோட அக்காவுக்கு அது வந்தப்ப என்ன வயசோ, இவருக்கு இப்ப அதே வயசு." அண்ணி குழாயை மூடினாள்.

பொடிசு கூடத்தை எட்டிப் பார்த்தாள். அண்ணன் தன் வலது உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நடுங்குகிறதா என்று பார்க்கிறான் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அது நடுங்கவில்லை.

பகல் ஏறியது. அண்ணி குளிக்கப் போனாள். அண்ணன் எழுந்து, "கீழ போய் டீ வாங்கியாரேன். வாய் வறண்டு கெடக்கு" என்று செருப்பை மாட்டினான். வாசலில் நின்று, "எதாச்சும்னா..." என்று தொடங்கி முடிக்காமல் போனான்.

அவள் அப்பாவின் அருகில் தனியாக உட்கார்ந்தாள்.

அப்பாவின் மூச்சு மேடேறும் வண்டிபோல ஏறி ஏறி வந்தது. பிறகு இறங்கி இறங்கித் தணிந்தது. நின்றது. போர்வையின் மேல் விரல்களும் நின்றன.

அவள் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து காற்றுப் பிரேக்கை விட்டு நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, மறுபடி கிளம்பிப்போனது. மூச்சு வரவில்லை. அவள் மூக்கின் அருகே விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. கழுத்தைத் தொட்டாள். அவள் விரலின் துடிப்புதான் அவளுக்கே தட்டுப்பட்டது.

கண்ணுகளா, இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். சாவைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அந்தக் குடும்பமே நினைத்திருந்தது. அவளும் நினைத்திருந்தாள். ஆனால் அவளிடம் வந்தவர்கள் எல்லாரும் மூச்சு விட்டு முடித்துவிட்டு வந்தவர்கள். மூச்சு நிற்பது எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அது நின்று, போக்குக் காட்டி, மறுபடி வரும் என்று படித்திருந்தாள். படித்தது எதுவும் அந்த நேரத்தில் அவளோடு அந்த அறையில் இல்லை. நேரம் போகிறது, உள்ளே சிதைகிறது, சிதைகிறது என்கிற ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அழுவதற்கு முன்னால் அவள் கால்கள் சமையலறைக்குப் போய்விட்டன.

பைகளைக் கொண்டுவந்து, தலையைத் தூக்கி, ஒன்றைப் பிடரிக்குக் கீழே வைத்தாள். மற்ற இரண்டையும் காதோரமாக இரண்டு பக்கமும் அணைத்தாள். சுத்தமாக, கை தடுமாறாமல், பழகிய வேலைபோல.

அப்பா கண்ணைத் திறந்தார்.

நெஞ்சு ஒரு முறை தூக்கிப்போட்டது. மூச்சு உள்ளே இழுபட்டது. கண்கள் அவளைப் பார்க்கவில்லை. எதிரே, கண்ணாடிக்கு அப்பால் நீண்டு கிடக்கிற ஏதோ ஒரு சாலையைப் பார்ப்பவர்போலப் பார்த்தார். உதடு அசைந்தது. மாதக்கணக்காக வராத குரல், தேய்ந்துபோய்க் கொஞ்சமாக வந்தது.

"கண்ணாடிய ஏத்து. குளுருது."

வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் டீ.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். டம்ளர்களைக் குனிந்து தரையில் வைத்தான். வந்தான். பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மூலையில் எறிந்தான். ஒன்று கிழிந்து, கட்டிகள் கட்டிலுக்கு அடியில் உருண்டன. தன் சட்டை நுனியால் அப்பாவின் ஈரத் தலையைத் துடைத்தான், காதின் மடிப்பு வரைக்கும் துடைத்தான். பிறகு ஜன்னலுக்குப் போய், திறந்திருந்த கண்ணாடியை இழுத்து மூடினான்.

"ஏத்திட்டேன்ப்பா. ஏத்தியாச்சு."

அப்பாவின் கண் மூடிக்கொண்டது. மூச்சு மறுபடி மேடேறத் தொடங்கியது. விரல்கள் போர்வையைத் தேடிப் பிடித்தன.

அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிவந்தான். குரல் பல்லுக்குள்ளேயே இருந்தது.

"செத்துட்டார்னு யாரு சொன்னா உனக்கு?"

"மூச்சு நின்னுச்சுண்ணா. நான் பாத்தேன்."

"நின்னுச்சா, நிக்கட்டும்னு பாத்துட்டிருந்தியா?"

"அப்படிச் சொல்லாத."

"அவர் உனக்கு அப்பாவா, இல்ல ஃப்ரீசர்ல வைக்கற சாம்பிளா? ஒரு குரல் கொடுக்கத் தோணல. கீழ நர்ஸம்மா இருக்காங்க. நான் படியில வந்துட்டிருக்கேன். உனக்கு ஐஸ்தான் தோணுச்சு."

அவள் கையில் இன்னும் அந்தக் குளிர் இருந்தது. அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள்.

ஈரத் தலையோடு வந்த அண்ணி இருவருக்கும் நடுவில் நின்றாள். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. அவருக்குக் காது கேக்கும்."

"கேக்கட்டும்" என்றான் அண்ணன். ஆனால் குரலை இறக்கினான். "உங்க பெரியக்காகிட்டச் சொல்லிடு, டாக்டரம்மா. நான் சம்மதிக்கல. ஒரு துளி கொடுக்க மாட்டேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டு வராந்தாவுக்குப் போனாள். கொடியில் அப்பாவின் இரண்டு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பெரியக்கா முதல் மணியிலேயே எடுத்தாள். காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்தாள்போல.

"சொல்லும்மா."

"அண்ணன் வேண்டாங்கறார்க்கா."

இந்த ஒரு மூளைக்காகப் பொடிசு எத்தனை காலமாகக் காத்திருக்கிறாள் என்று பெரியக்காவுக்குத் தெரியும். எலிகளிலும் தட்டில் வளர்த்த உயிரணுக்களிலும் தேடித் தேடி, கண்டுபிடித்ததை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்த ஆராய்ச்சி அது. ஒரே குடும்பத்து வியாதி, உலகத்தில் வேறெங்கும் பதிவாகாத வியாதி. இன்றைக்கு விட்டால் இனி அப்பாவிடமிருந்து கிடைக்காது. அடுத்து கிடைக்க வேண்டுமென்றால் யாரிடமிருந்து கிடைக்க வேண்டும் என்பதையும் பெரியக்கா அறிவாள்.

"பரவால்லம்மா" என்றாள் பெரியக்கா. "நீ போய் உங்க அப்பாகூட இரு."

வேண்டாம் என்று சொன்ன வீடுகளுக்குப் பொடிசே சொல்லிப் பழகிய அதே பதில். அது இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு, அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். அது காய்ந்துவிட்டிருந்தது.

அவள் திரும்பி வந்தபோது அண்ணன் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். அப்பா போர்வையின் ஒரு முனையை மடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு முனையை அண்ணன் பிடித்திருந்தான். அப்பா இழுத்த பக்கமெல்லாம் விட்டுக்கொடுத்தான்.

அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "வண்டி வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. "சண்டை போடுவேன்னு நெனச்சேன்" என்றான்.

"போட்டுட்டு?"

கட்டிலுக்கு அடியில் உருண்ட ஐஸ்கட்டிகள் கரைந்து, தண்ணீர் அவன் காலருகே ஊர்ந்து வந்தது. காலை நகர்த்தினான்.

"நான் எதுக்கு வேணாங்கறேன்னு தெரியுமா உனக்கு?"

அவள் கண் அண்ணி இருந்த பக்கம் போய்த் திரும்பியது.

"ஓ. சொல்லிட்டாளா. அவ ஒரு ரகசியத்த ஒரு ஸ்டாப்பிங் தாண்டிக் கொண்டுபோக மாட்டா." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "கை நடுங்குதான்னு டெய்லி பாக்கறேன். ஒரு ஸ்டாப்பிங் பேரு டக்குன்னு ஞாபகம் வரலன்னா, மொத ஸ்டாப்பிங்லருந்து எல்லாத்தையும் ஒருவாட்டி சொல்லிப் பாக்கறேன். அந்தக் கிளீனர் என் மண்டைக்குள்ளயும் ஏறியிருந்தா? எனக்குத் தெரிய வேணாம். தெரியாம இருக்கற வரைக்கும் நான் வண்டி ஓட்டுவேன்."

"தெரிய வேணாம்னா சொல்ல மாட்டாங்கண்ணா. விதியே இருக்கு. வீட்டுக்காரங்க கேட்டாத்தான் சொல்லுவாங்க."

"அவங்க சொல்ல மாட்டாங்க. உன் மூஞ்சி சொல்லிடுமே." இப்போதுதான் அவளைப் பார்த்தான். "சின்ன வயசுல சக்கரை டப்பாவத் தொறந்து தின்னுட்டு, நான் தின்னலன்னு நிப்ப. மூஞ்சி பூரா எழுதி ஒட்டியிருக்கும். நாளைக்கு நீ அதப் பாத்துட்டு என் வீட்டுக்கு வருவ. எப்படிண்ணா இருக்கன்னு கேப்ப. அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சிடும்."

"நான் பாக்கலன்னா?"

"உன்னால முடியாது. இதுக்குத்தான இத்தன வருஷம் அங்க போய்க் கெடந்த."

"எனக்கும் அதே பாதிதாண்ணா" என்றாள்.

அவன் புருவம் சுருங்கியது.

"உனக்குப் பாதின்னா எனக்கும் பாதி. நானும் அவருக்குத்தான பொறந்தேன்? தெரிஞ்சுக்கணும்னு நான் மட்டும் துள்ளிக் குதிச்சிட்டிருக்கேன்னா நெனைக்கற?"

மூன்று வருடமாக அவன் தன் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறான். இப்போது அவன் பார்வை மெதுவாக இறங்கி, அப்பாவின் போர்வை மேல் கிடந்த அவள் கையில் போய் நின்றது. அவள் அதை மறைக்கவில்லை. அவன் பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தாள்.

வாசல் நிலையில் அண்ணி சாய்ந்து நின்றிருந்தாள். தரையில் இரண்டு டீயும் ஏடு கட்டிக் கிடந்தன.

மூச்சு ஏறி ஏறி வந்தது. இறங்கியது. நின்றது.

இந்த முறை அவள் அசையவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பேருந்துகள் வந்தன, போயின. அப்பாவின் விரலில் இருந்த போர்வை முனை தானாக நழுவியது. "நர்ஸம்மாவக் கூப்பிடு" என்று அண்ணன் சொல்வதற்குள் அண்ணி படியிறங்கிவிட்டாள்.

நர்ஸம்மா வந்தாள். காதுக்குழலை வைத்து, பொறுமையாக, இரண்டு இடத்தில் கேட்டாள். கண்ணிமையை விலக்கி விளக்கடித்தாள். பிறகு அப்பாவின் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டு, "போயிட்டாரும்மா" என்றாள்.

பொடிசு கைகளை வெளியே எடுக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர்பெட்டி சமையலறையில் உறுமிக்கொண்டிருந்தது. வேறெந்த நாளும் அது இவ்வளவு சத்தம் போட்டதில்லை. உள்ளே சிதைகிறது, சிதைகிறது என்று எதுவோ அவளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

அண்ணன் எழுந்தான். வெளியே போனான். குளிர்பெட்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஐஸ் தட்டு சடசடத்தது. ஒரு கட்டி தரையில் விழுந்து உடைந்தது. அவன் ஏதோ தேடினான், இழுப்பறைகள் திறந்து மூடின. யாரும் எழுந்து போகவில்லை.

வந்தபோது இரண்டு கையிலும் வைத்துப் பிடித்திருந்தான். அப்பாவின் பழைய துண்டைக் கிழித்து, பைகளின் மேல் சுற்றி, முனையைச் செருகியிருந்தான்.

"எங்க வைக்கணும்?"

தொலைபேசியில் மூச்சு விடாமல் சொல்கிற வாக்கியம் அவளுக்கு வரவில்லை. கையால் காட்டினாள். பிடரிக்குக் கீழே, இந்தக் காதுப் பக்கம், அந்தக் காதுப் பக்கம். அவன் குனிந்து ஒவ்வொன்றாக வைத்தான்.

"துண்டு சுத்தியிருக்கேன், பரவால்லயா?" என்றான். "நேரா வச்சா குளுரும்."

துண்டு இருந்தால் குளிர் மெதுவாகத்தான் இறங்கும். அது அவளுக்குத் தெரியும். யாராவது தொலைபேசியில் கேட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லியிருப்பாள்.

"பரவால்லண்ணா. இருக்கட்டும்."

"பெரியக்காவுக்குப் போன் பண்ணு." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்குச் சொல்லக் கூடாது. நானா வாயத் தொறந்து கேட்டாத்தான்."

"சரி. நானும் கேக்க மாட்டேன். நீ கேக்கற அன்னிக்கு உன்கூட உக்காந்து தெரிஞ்சுக்கறேன்."

"அங்கதான வச்சிருப்பாங்க. தெனமும் அதத் தாண்டித்தான போகணும் நீ."

"ஆமா."

"முடியுமா உன்னால?"

"தெரியலண்ணா."

அவன் தலையாட்டினான். முடியும் என்று அவள் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டான்.

பெரியக்கா தானே வந்தாள், வண்டியோட்டியும் அவளுமாக. அப்பாவின் தலைமாட்டில் துண்டு சுற்றிய பைகளைப் பார்த்தாள். ஒன்று லேசாகச் சரிந்திருந்தது, அதை நேராக்கினாள்.

"முகம்?" என்று கேட்டான் அண்ணன்.

"முகத்துல ஒண்ணுமே தெரியாது தம்பி. இதே மாதிரி திருப்பிக் கொண்டுவந்து விடுவேன். சாயங்காலம் சொந்தக்காரங்க வர்றதுக்குள்ள."

லிஃப்டில் இடம் போதாது என்று படி வழியாகத்தான் இறக்க வேண்டியிருந்தது. தலைப்பக்கம் அண்ணன் பிடித்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் "மெதுவா, மெதுவா, பின்னாடி இடிக்கும்" என்று வண்டியோட்டிக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தான். வெளியே வெயில் உச்சியில் நின்றது. வண்டியின் பின்கதவு மூடியதும், பெரியக்கா முன்னால் ஏறிக்கொண்டாள்.

அண்ணன் ஓட்டுபவரின் பக்கம் போய் நின்றான். "எந்த வழியாப் போறீங்க?"

"ரவுண்டானா வழியாத்தாங்க. வேற வழி ஏது?"

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டான். "இடது பக்கமே பிடிச்சுப் போங்க. ரெண்டாவது திருப்பம். அவசரமே வேணாம், உள்ள வர்ற வண்டிக்கு வழி விட்டுருங்க."

அந்த மனிதர் அந்தச் சாலையில் தினமும் போகிறவர். "சரிங்க" என்றார்.

வண்டி உறுமியது. ஓட்டுபவரின் பக்கத்துக் கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது, அவர் முழங்கை வெளியே தெரிந்தது. அண்ணன் கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே கதவில் உள்ளங்கையை வைத்தான்.

"கண்ணாடிய ஏத்திக்கங்க."

ஓட்டுபவர் வெயிலைப் பார்த்தார். பொடிசின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றினார். அது மேலே போய்ப் பொருந்தும்வரை அண்ணன் கையை எடுக்கவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போங்கள், உங்கள் வீட்டில் உலை காத்திருக்கும். உங்கள் வீட்டில் எவருக்குக் குளிர்ந்தாலும், கேட்ட உடனே எழுந்து கண்ணாடியை ஏற்றிவிட ஒரு கை பக்கத்திலேயே இருக்கட்டும்.